70-இல் வரும் அதிர்வு: ஒரு பைக்கும் இரண்டு பழுதுகளும்

வண்டி 150 சிசி. ஒற்றை சிலிண்டர், ஐந்து கியர், 38,000 கிலோமீட்டர் ஓடியது. அதன் சொந்தக்காரர் எனக்கு அண்ணன் போலப் பழகியவர். வேலைக்காகத் தினமும் நெடுஞ்சாலையில் போய் வருகிறவர். அவர் சொன்ன புகார் இரண்டே வரி: "70-ஐத் தொட்டா கை மரத்துப் போகுது தம்பி. ஆறு வாரமா என்னென்னவோ மாத்திட்டேன், போக மாட்டேங்குது."

என்னென்னவோ என்றால், முன் டயர், இரண்டு சக்கரத்துக்கும் பேரிங், ஹேண்டில் கோன் செட், செயினும் ஸ்ப்ராக்கெட்டும் சேர்ந்த முழு செட். எதற்கும் அடங்காததால் கடைசியில் ஹேண்டில் முனையில் கனமான பார் எண்டு, அதற்கு மேல் தடித்த ஃபோம் கிரிப். ஒவ்வொரு முறையும் "கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருந்துச்சு", இரண்டு நாளில் பழையபடி. இந்தக் "குறைஞ்ச மாதிரி"யை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. இவ்வளவு செலவு செய்தவருக்கு ஓரிரு நாள் அப்படித்தான் தோன்றும், அதில் தப்பும் இல்லை. ஆனால் அதை வைத்துப் பழுதைத் தேட முடியாது.

மாற்றியவை பெரும்பாலும் சக்கரத்தோடு சம்பந்தப்பட்டவை. ஏன் சக்கரத்தையே சுற்றி வந்தார் என்று கேட்டபோது போனை எடுத்துக் காட்டினார். இந்த நிகழ்வில் நான் அதிகம் கற்றுக்கொண்ட இடம் அது.

போன் காட்டிய மேடு

அதிர்வு அளக்கும் ஆப் ஒன்றைப் போட்டு, போனை டேங்க் மேல் இறுக்கிக் கட்டி, 70-இல் ஓட்டிப் பதிவு செய்திருந்தார். வரைபடத்தில் 8 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பெரிய மேடு. அதாவது நொடிக்கு எட்டு அதிர்வு. பின் டயர் 100/90-17. அதன் சுற்றளவு ஏறக்குறைய 1.9 மீட்டர். 70 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 19.4 மீட்டர் போகிறது, ஆக சக்கரம் நொடிக்குச் சுமார் பத்து முறை சுற்றும். 8-க்கும் 10-க்கும் பெரிய வித்தியாசமில்லை, ஸ்பீடோமீட்டர் எப்படியும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும் என்று முடிவு கட்டி, சக்கரத்தில் கை வைத்துவிட்டார். கணக்குப் போட்டவரைக்கும் அவர் சரியாகத்தான் போட்டிருந்தார்.

எனக்கு உறுத்தியது அவர் கை. நொடிக்கு எட்டு என்பது உதறல். ஹேண்டில் ஆடுவது கண்ணுக்கே தெரியும், தோள் வரைக்கும் உணர முடியும். விரல் நுனி மரத்துப் போகிற "விர்ர்" அப்படி வராது, அது இதைவிடப் பல மடங்கு வேகமான அதிர்வு. உடம்பு ஒன்றைச் சொல்கிறது, போன் வேறொன்றைச் சொல்கிறது. இரண்டில் ஒன்றை நம்பு என்றால் நான் உடம்பைத்தான் நம்புவேன்.

வேறு வேகங்களில் பதிவு செய்தது இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. 67-இல் மேடு 12-இல் நிற்கிறது. 70-இல் 8. 72-இல் 6. வேகம் கூடக் கூட எண் இறங்குகிறது! வண்டி வேகமாகப் போகும்போது எந்தச் சக்கரமும் மெதுவாகச் சுற்றாது. அப்படியானால் அந்த மேடு சக்கரத்தின் மேடே இல்லை.

நடந்தது இதுதான். அந்த ஆப் நொடிக்கு 100 முறை அளவெடுக்கிறது. நொடிக்கு 100 முறை பார்க்கிற கருவியால் 50 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் உள்ளதை உள்ளபடி காட்ட முடியும். அதற்கு மேலே போகிற அதிர்வு, வேறு ஒரு எண்ணின் வேஷத்தில் கீழே வந்து நிற்கும். சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுவது போலத் தெரியுமே, அதே கதை. 92 ஹெர்ட்ஸ் அதிர்வை நொடிக்கு 100 முறை அளந்தால் அது 8 ஹெர்ட்ஸாகத் தெரியும். அதிர்வு 94-க்கு ஏறினால் மேடு 6-க்கு இறங்கும். அண்ணன் பதிவு செய்தது அச்சாக இப்படியே இருந்தது. நொடிக்கு 92 என்றால் நிமிடத்துக்கு 5,500. ஐந்தாவது கியரில் 70 போகும்போது அவருடைய ஆர்பிஎம் மீட்டர் காட்டுவதும் 5,500.

ஆக, போன் பொய் சொல்லவில்லை. இன்ஜினைத்தான் காட்டியிருக்கிறது, படிக்கத்தான் முடியவில்லை. அதிர்வை அளக்க ஆப் பயன்படுத்துகிறவர்கள் அது நொடிக்கு எத்தனை முறை அளவெடுக்கிறது என்பதை முதலில் பாருங்கள். அப்புறம் இன்னொன்று, போனைப் பைக்கில் கட்டுவதே அதற்கு நல்லதில்லை. அதிகத் திறன் கொண்ட மோட்டார் சைக்கிள் இன்ஜின்களின் அதிர்வு கேமராவைக் கெடுக்கலாம் என்று 2021-இல் ஆப்பிள் நிறுவனமே ஐபோன்களுக்கு எச்சரிக்கை வெளியிட்டது. அளந்து முடித்ததும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது மேல்.

ஓட்டிப் பார்த்தது

இருந்தாலும் ஒரு வரைபடத்தை மட்டும் வைத்து நான் ஸ்பேனரை எடுப்பதில்லை. முதல் வேலையாக பார் எண்டையும் ஃபோம் கிரிப்பையும் கழற்றச் சொன்னேன். பார் எண்டின் கனம் ஹேண்டில் எந்த வேகத்தில் அதிகம் அதிரும் என்பதை மாற்றிவிடும். ஃபோம் கைக்கு வருகிற சேதியை அமுக்கிவிடும். பழுதைத் தேடும்போது இரண்டும் கண்ணைக் கட்டின மாதிரி. டயர் காற்றை வண்டி குளிர்ந்திருக்கும்போதே சரியான அளவுக்கு வைத்தோம்.

ஓடும் வண்டியில் எந்த அதிர்வும் மூன்றில் ஒன்றின் பின்னால்தான் போகும்: இன்ஜின் சுற்றும் வேகம், சக்கரம் சுற்றும் வேகம், இன்ஜின் இழுக்கும் பளு. எதன் பின்னால் போகிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வண்டியை ஒதுக்கிவிடலாம். ஆளில்லாத நேரான சாலையில் அரை மணி நேரம் போதும்.

முதலில் கியர். ஐந்தில் 70-இல் வந்த அதிர்வு, நாலாவது கியரில் 57-இலேயே வந்தது. மூன்றாவதில் 46-இல். மூன்று முறையும் ஆர்பிஎம் முள் 5,500-ஐ ஒட்டியே நின்றது. சக்கரத்திலோ டயரிலோ பழுது இருந்தால் எந்தக் கியரில் போனாலும் அதே 70-இல்தான் வந்திருக்க வேண்டும்.

அடுத்து கிளட்ச். 75 வரை கொண்டுபோய், கிளட்சைப் பிடித்து, ஆக்சிலேட்டரை விட்டேன். இன்ஜின் ஐடிலுக்கு இறங்கிவிட்டது. சக்கரம், செயின், ஸ்ப்ராக்கெட் எல்லாம் முன்பு போலவே சுற்றுகின்றன. 70-ஐக் கடக்கும்போது கை மரக்கும் அந்த அதிர்வு துளியும் இல்லை. ஆனால் வேகம் நன்றாகக் குறைந்து, எல்லாம் அமைதியான பிறகு, ஃபுட்ரெஸ்ட்டில் வேறு ஒன்று கேட்டது: "தட்... தட்... தட்". மெல்லிய, நிதானமான தட்டல். இதை அண்ணன் புகாரில் சொல்லவே இல்லை. கேட்டால், "அது அதே அதிர்வுதான், மெதுவாப் போறப்போ அப்படி இருக்கும்" என்றார். அதைத் தனியாகக் குறித்துவைத்துக்கொண்டேன்.

மூன்றாவது, வண்டியை நிறுத்தி நியூட்ரலில் 5,500-க்கு முறுக்கிப் பார்த்தது. அதிர்வு வந்தது, ஓட்டும்போது இருந்ததில் பாதிகூட இல்லை. மறுபடி சாலையில், ஐந்தாவது கியரில் ஆக்சிலேட்டரை மூடியபடி 5,500-ஐக் கடந்து இறங்கினேன். அப்போதும் குறைவுதான். இழுக்கும்போது மட்டும் முழு பலத்தில் வருகிறது.

பழுது பேலன்சரில் இல்லை, ஏன்?

இந்த இடத்தில் என் மனது நேராக பேலன்சருக்குத்தான் போனது. ஒற்றை சிலிண்டர் இன்ஜினில் பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை நின்று திரும்புகிறது. அந்த உதையை, பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்கில் இருக்கும் எதிர் எடையால் முழுவதும் அடக்க முடியாது. மேலும் கீழுமாக இருப்பதைக் குறைத்தால் முன்னும் பின்னுமாகக் கிளம்பும். அதனால் பாதியளவு மட்டும் கிராங்கில் சமன் செய்து, மீதியை எதிர்த்திசையில் அதே வேகத்தில் சுற்றும் பேலன்சர் தண்டிடம் விடுகிறார்கள். அதன் பல்சக்கரத்தை ஒரு பல் தள்ளிப் பூட்டிவிட்டால், புது இன்ஜின்கூட உதறும்.

ஆனால் இரண்டு விஷயம் பொருந்தவில்லை. சமன் தவறினால் வருகிற விசை, வேகத்தின் வர்க்கத்துக்கு (வேகம் × வேகம்) ஏற்ப ஏறும். 5,500-இல் இருப்பது 7,000-இல் 1.6 மடங்காக வேண்டும். இங்கேயோ 5,300-இல் தொடங்கி, 5,500-இல் உச்சத்துக்குப் போய், 6,000 தாண்டினால் அடங்கிவிடுகிறது. இப்படி ஒரு குறுகிய இடத்தில் மட்டும் வந்து போவது ஒத்ததிர்வின் அடையாளம். ஓடும் பஸ்ஸில் ஒரே ஒரு ஜன்னல் கண்ணாடி, இன்ஜின் ஒரு குறிப்பிட்ட சுருதிக்கு வரும்போது மட்டும் கடகடவென்று அடித்துவிட்டு அடங்கும். குறை இன்ஜினில் இல்லை, கண்ணாடி பூட்டியிருக்கும் விதத்தில்.

இரண்டாவது, நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. இது தொடங்குவதற்கு முன்னால் வண்டியில் என்ன வேலை நடந்தது? "பிஸ்டன் ரிங் மாத்தினோம். இன்ஜினை இறக்கித்தான் செஞ்சாங்க. அது நல்லா செஞ்சிருக்காங்க தம்பி, புகை நின்னுடுச்சு." வேலை நன்றாக நடந்ததாலேயே அவருக்கு அதன் மேல் சந்தேகம் வரவில்லை. ரிங் மாற்ற ஹெட்டையும் சிலிண்டரையும் கழற்றினால் போதும். இந்த இன்ஜினில் பேலன்சர் பல்சக்கரம் இருக்கும் கிளட்ச் பக்கத்து மூடியைத் திறக்கத் தேவையில்லை. திறந்ததாக அடையாளமும் இல்லை, கேஸ்கெட் பழையதுதான். பிஸ்டனும் பழையது, அதனால் எடையும் மாறவில்லை. மாறியிருக்கக்கூடியது ஒன்றே ஒன்று: இன்ஜினை இறக்கி, மறுபடி சேசிஸில் ஏற்றியது.

இறுக்கமாக இருந்த போல்ட்

இந்த வகை வண்டியில் இன்ஜின், சேசிஸின் ஒரு பகுதி மாதிரி. கீழே குறுக்கே போகும் குழாய் கிடையாது. இன்ஜினே அந்த இடைவெளியை அடைத்துக்கொண்டு பாரத்தைத் தாங்குகிறது. அதனால் இன்ஜினைச் சேசிஸோடு பிணைக்கும் ஃபவுண்டேஷன் போல்ட்டில் சின்னத் தப்பு என்றாலும் முழு சேசிஸின் விறைப்பும் மாறிப்போகும். விறைப்பு குறைந்தால் ஒத்ததிர்வு வரும் வேகமும் கீழே இறங்கும். யாரும் போகாத உயர்ந்த ஆர்பிஎம்மில் இருந்தது, தினமும் போகிற 70-க்கு வந்து உட்கார்ந்துவிடும்.

சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு பிராக்கெட்டாகப் பார்த்தேன். பின்னால் இருக்கும் இரண்டும் சுத்தம். ஹெட்டுக்கு மேலே, டேங்குக்கு அடியில் இருக்கும் பிராக்கெட்டுக்குப் பக்கத்தில் விரலை வைத்து இழுத்தபோது செம்பழுப்பு நிறத்தில் மாவு ஒட்டியது. குங்குமம் மாதிரி நைசாக. வாஷர் ஓரத்தில் பெயிண்ட் போய், பிறைநிலா வடிவத்தில் பளபளவென்று ஒரு தேய்மானம். இரும்பும் இரும்பும் நுணுக்கமாக உரசினால் வருகிற மாவு இது. சாதாரணத் துரு அந்த இடத்தில் மட்டும், அவ்வளவு நைசாக, காய்ந்து உதிராது.

முறுக்கும் பலத்தை அளக்கும் டார்க் ரெஞ்சை வைத்தேன். போல்ட் இறுக்கமாக இருந்தது. மேனுவல் சொல்லும் அளவிலேயே "டிக்" என்றது. இங்கேதான் பலர் திரும்பிவிடுவார்கள், போல்ட் டைட்டாக இருக்கிறது, இதில் ஒன்றும் இல்லை என்று. ஆனால் அந்த மாவு வந்திருக்கிறதே! உரசல் இல்லாமல் அது வராது. இன்ஜினுக்கு அடியில் மரத்துண்டு வைத்து ஜாக்கியால் லேசாகத் தாங்கிக்கொண்டு, நட்டைத் தளர்த்தினேன். கடைசி இரண்டு சுற்றில் பிராக்கெட்டின் வலது தகடு "டங்" என்று விலகி நின்றது. தகட்டுக்கும் ஹெட்டின் காதுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் பட்டைகளைச் சேர்த்து விட்டுப் பார்த்தால் 1.8 மில்லிமீட்டர்.

அங்கே ஒரு காலர், அதாவது போல்ட்டைச் சுற்றி அந்த இடைவெளியை நிரப்பும் சின்ன வளையம், இருந்திருக்க வேண்டும். இன்ஜினை ஏற்றும்போது அது விடுபட்டுப் போயிருக்கிறது. அது இல்லாமல் நட்டை முறுக்கியபோது, போல்ட்டின் பலமெல்லாம் தகட்டை உள்பக்கம் வளைப்பதிலேயே போய்விட்டது. தகடு முழு முகமாகப் படியாமல் ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கிறது. ரெஞ்சுக்கு அது தெரியாது; நட்டைத் திருப்ப எவ்வளவு பலம் வேண்டும் என்பதை மட்டும்தான் அது சொல்லும். பளு ஏறி, செயின் இன்ஜினைப் பின்பக்கம் இழுக்கும்போது அந்த ஓரம் நழுவி உரசுகிறது. நியூட்ரலில் அதிர்வு பாதியாக இருந்ததன் காரணமும் இதுதான்.

சரியான நீளத்தில் காலர் வாங்கிப் போட்டோம். அதை மட்டும் போட்டு அந்த ஒரு நட்டை முறுக்கியிருந்தால் வேலை அரைகுறையாகியிருக்கும். எல்லா ஃபவுண்டேஷன் போல்ட்டையும் தளர்த்தி, எல்லாம் கையாலேயே சுலபமாக உள்ளே போகும்வரை ஜாக்கியை ஏற்றி இறக்கி, இன்ஜின் தானாக உட்கார்ந்த பிறகு, மேனுவல் சொன்ன வரிசையில் முறுக்கினோம். சுத்தியலால் தட்டித்தான் போல்ட் உள்ளே போகிறது என்றால் இன்ஜின் இன்னும் உட்காரவில்லை என்று அர்த்தம்.

மறுபடி சாலை. 5,500 வந்தது, போனது. ஒன்றும் இல்லை. 7,000-க்கு மேலே மெல்லிய ரீங்காரம் இருக்கிறது. ஒற்றை சிலிண்டருக்கு அது இயல்பு. அண்ணன் ஓட்டிவிட்டு வந்து, "ரியர் வியூ மிரர்ல பின்னாடி வர்ற வண்டி நம்பர் தெரியுது" என்றார். ஆறு வாரமாக அவருக்கு அது கலங்கலாகத்தான் தெரிந்திருக்கிறது.

அந்தத் தட்டல்

பெரிய அதிர்வு போனதும் சின்னது தெளிவாகக் கேட்க ஆரம்பித்தது. 30 கிலோமீட்டர் வேகத்தில் கிளட்சைப் பிடித்து உருட்டினால் ஃபுட்ரெஸ்ட்டில் தட், தட்.

இதற்குக் கருவியே தேவையில்லை. வேகத்தை 30-இலேயே வைத்துக்கொண்டு, பின்னால் உட்கார்ந்தவரைப் பத்து நொடிக்கு எண்ணச் சொன்னேன். 16 தட்டல். 30 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்கு 4.4 சுற்று, பத்து நொடிக்கு 44. சக்கரமோ டயரோ ரிம் பெண்டோ என்றால் 44 தட்டல் கேட்டிருக்க வேண்டும். முன் ஸ்ப்ராக்கெட் என்றால் அதைப்போல் மூன்று மடங்கு, எண்ணவே முடியாது. 16 எங்கிருந்து வருகிறது? செயினில் 120 கண்ணி, பின் ஸ்ப்ராக்கெட்டில் 43 பல். செயின் ஒரு முழு வட்டம் வர, சக்கரம் 2.8 சுற்று சுற்ற வேண்டும். 44-ஐ 2.8-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 16. ஆக, செயினில் எங்கோ ஒரே ஒரு இடம்.

சென்டர் ஸ்டாண்டில் போட்டு, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினேன். செயினின் தளர்ச்சியைக் கீழ்ப்பக்கம் கண்ணி கண்ணியாகப் பார்த்துக்கொண்டே வந்தால், செயினை இணைத்திருந்த கண்ணி பின் ஸ்ப்ராக்கெட்டை விட்டு வெளியே வரும்போது நேராகவில்லை. வளைந்த முழங்கால் மாதிரி மடங்கியபடியே வந்தது. சாக்பீஸால் அதில் கோடு போட்டு மூன்று வட்டம் சுற்றினேன். ஒவ்வொரு முறையும் சக்கரத்தின் வால்வு வேறு வேறு இடத்தில், ஆனால் மடங்குவது மட்டும் அதே சாக்பீஸ் கண்ணி. இணைப்புக் கண்ணியின் ரிவெட்டை அளவுக்கு மீறி அழுத்திவிட்டதால் பக்கத் தகடுகள் நெருங்கி, கண்ணி அசையாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆயில் விட்டால் சரியாகிற இறுக்கம் இல்லை இது. அந்த இணைப்பை மட்டும் அறுத்து எடுத்து, புது இணைப்புக் கண்ணி போட்டு, முன்பின் கண்ணிகள் தம் எடையிலேயே மடங்குகிற அளவுக்கு மட்டும் ரிவெட்டை அழுத்தினோம்.

இதில் எனக்கு மனம் கஷ்டப்பட்டது, இந்தத் தட்டல் முதலில் இல்லவே இல்லை என்பதுதான். அதிர்வை நிறுத்துவதற்காக செயின் செட் மாற்றினாரே, அன்றைக்கு வந்தது. முதல் பழுதைத் தேடிப் போனபோது இரண்டாவது பழுது வண்டிக்குள் நுழைந்திருக்கிறது. இரண்டும் ஒன்றாகக் கலந்து, "மெதுவாப் போனாலும் வருது, வேகமாப் போனாலும் வருது" என்று அண்ணன் மனதில் ஒரே குழப்பமாகிவிட்டது. ஒரே காரணத்தைத் தேடியிருந்தால் நானும் தடுமாறியிருப்பேன், ஏனென்றால் இரண்டுக்கும் பொருந்துகிற ஒற்றைக் காரணம் அந்த வண்டியில் எங்கேயும் இல்லை. கழற்றிய முன் டயரிலும் பேரிங்குகளிலும் குறை எதுவும் இல்லை. இன்னும் பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கும்.

500 கிலோமீட்டர் ஓடிய பிறகு வண்டியை மறுபடி வரவழைத்துப் பார்த்தேன். ஃபவுண்டேஷன் போல்ட் எதுவும் தளரவில்லை. மேல் பிராக்கெட்டில் துடைத்து வைத்த இடத்தில் விரலை இழுத்தேன். சாலைத் தூசி மட்டும் ஒட்டியது, செம்பழுப்பு மாவு இல்லை. பார் எண்டை அண்ணன் திரும்பப் போடவில்லை.